சென்னையில் போட்ட கணக்கு

பூன் லே பேருந்து நிலையத்தில் 179ஆம் எண் பேருந்தில் ஏறினால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் சென்றுவிடலாம். அங்கே புரதங்களைப் பற்றிப் படிக்கும் மாணவர்களும் சரி, உலகின் வேறெந்த மூலையில் படிப்பவர்களும் சரி, ஒரு வரைபடத்தைக் கற்றுத்தான் ஆக வேண்டும். அதன் பெயர் ராமச்சந்திரன் வரைபடம். அது பிறந்த இடம் சென்னை.

எர்ணாகுளத்தில் 1922ல் பிறந்த ஜி.என்.ராமச்சந்திரன், 1952ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். தோலையும் எலும்பையும் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் எப்படி அமைந்திருக்கிறது என்பது அப்போது புரியாத புதிர். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாரை எக்ஸ்ரே கதிர்களால் ஆராய்ந்தார் அவர். மூன்று இழைகள் சேர்ந்ததே கொலாஜன் என்று கோபிநாத் கர்த்தாவுடன் 1954ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். மறு ஆண்டே அந்த அமைப்பைத் திருத்தி, முப்புரிக் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருப்பதாகக் காட்டினார்.

உடனே எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், "சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன" என்ற குறையை எழுப்பினர்.

அப்படியானால் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? ராமச்சந்திரன் சினம் கொள்ளவில்லை. கணக்குப் போட உட்கார்ந்தார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரும் துணை நின்றனர். கைவசம் இருந்தவை மேசைக் கணக்குப் பொறிகளே. புரத இழையின் ஒவ்வொரு கண்ணியும் எந்தக் கோணங்களில் திரும்பலாம், எங்கே திரும்பினால் அணுக்கள் மோதும் என்று கணித்து, 1963ல் வரைபடமாக வெளியிட்டனர்.

இதற்கும் நோய்க்கும் என்ன தொடர்பு? கொலாஜன் இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்க வேண்டும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. கயிற்றின் நடுவே வேறொன்றுக்கு இடமில்லை. மரபணுவில் ஓர் எழுத்து பிழையாகி, பெரிய அமிலம் ஒன்று அங்கே புகுந்தால் முறுக்கு கெடுகிறது. இலேசாக விழுந்தாலும் குழந்தையின் எலும்பு முறிகிறது. வளர்த்தவர்மீது பழி போடுவார் உண்டு. உண்மையில் பிழை, கண்ணுக்குத் தெரியாத சில அணுக்களில் இருக்கிறது.

எழுத்துப் பிழைகளைத் தேடும் அந்தக் கலை 2003ல் சிங்கப்பூருக்கும் கைகொடுத்தது. சார்ஸ் இங்கு 33 உயிர்களைக் குடித்தது. சிங்கப்பூர் மரபணு ஆய்வுக் கழகத்தார், இங்கு கிடைத்த 5 மாதிரிகள் உட்பட 14 கிருமிகளின் மரபணு எழுத்துகளைக் கணினியில் ஒப்பிட்டனர். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 29,700 எழுத்துகள். அவற்றில் நான்கு இடங்களில் கண்ட மாற்றங்களே கிருமிகளை இரு வகையாகப் பிரித்துக் காட்டின. அவற்றுள் ஒரு வகை, ஹாங்காங் ஹோட்டல் ஒன்றிலிருந்து பரவியது.

புரதத்தின் வடிவத்தைக் கணினியால் கணித்தவர்களுக்கும் புதிய புரதத்தை வடிவமைத்தவருக்கும் 2024ல் நோபெல் பரிசு கிடைத்தது. 2001ல் மறைந்த ராமச்சந்திரனுக்கு அந்தப் பரிசு கிட்டவில்லை. ஆனால், கணினி சொல்லும் வடிவம் சரிதானா என்று பார்க்க, ஆய்வாளர்கள் இன்றும் எடுப்பது அவருடைய வரைபடத்தைத்தான்.