கவிதை வாழ்நாட் பணியாதல்: திருகோணமலைக் கரையில் ஒரு வரலாறு

கவித்துவம் பிறவியிலேயே அமைவது என்பர். அஃது உண்மையின் ஒரு பாதியே. இளமையில் கவிதை புனைவோர் பலர். இறுதிவரை அதனைக் கைவிடாதோர் மிகச் சிலர். அச்சிலர் உருவாகும் வகையை ஆராய்தல் இலக்கிய வரலாற்று மாணவரின் கடமையாகும்.

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால் அமைந்தது கிண்ணியா. 2009ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்படும்வரை, நகருக்குச் செல்வோர் இடைப்பட்ட நீர்ப்பரப்பைப் படகிலேயே கடந்தனர். ஒதுங்கிய அவ்வூரினின்றும் எழுந்தவரே 'அண்ணல் கவிதைகள்' தந்த கவிஞர் அண்ணல். அந்நீருக்கு அப்பால், திருகோணமலையில், 1939இல் பிறந்தவர் தருமு சிவராம். பிற்காலத்தில் பிரமிள் எனப் புகழ்பெற்றவர் இவரே. கவிதை வாழ்நாட் பணியாகும் வகைக்கு இவர் வாழ்வு தெளிவான சான்றாகும்.

சி. சு. செல்லப்பா 1959இல் சென்னையில் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். யாப்பின் கட்டினைக் கடந்த புதுக்கவிதைக்கு அவ்விதழ் களம் அமைத்தது. இருபது வயதை ஒட்டிய சிவராம், கடல் கடந்து தம் படைப்புகளை அதற்கு அனுப்பினார். பட்டமோ பதவியோ அறிமுகமோ அவருக்கு வாயிலைத் திறக்கவில்லை, எழுத்தே திறந்தது. கவிதையோடு விமர்சனமும் எழுதினார். பிறர் கவிதையை எடைபோட்ட அப்பயிற்சி தம் சொல்லையும் கடுமையாக எடைபோடும் ஆற்றலை அவருக்கு அளித்தது எனலாம். 1962இல் 'எழுத்து' வெளியிட்ட 'புதுக்குரல்கள்' தொகுப்பிலும் அவர் இடம்பெற்றார்.

பின்னர்த் தமிழகம் சென்று அங்கேயே வாழ்ந்தார். 'கண்ணாடியுள்ளிருந்து' (1972), 'கைப்பிடியளவு கடல்' (1976), 'மேல்நோக்கிய பயணம்' (1980) ஆகிய தொகுதிகள் வெளிவந்தன. இவை பெரும்பான்மை வாசகரை நாடியவை அல்ல. சிற்றிதழ்ச் சூழலில் வாழ்ந்தவை. பெயரைப் பலமுறை மாற்றினார், நண்பரோடு கடும் வாதங்கள் புரிந்தார், வறுமையும் உடனிருந்தது. மாறாதிருந்தது கவிதை ஒன்றே. 1997இல் வேலூரை அடுத்த கரடிக்குடியில் மறைந்தார்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? ஆர்வம் இளமையின் இயல்பு. அதனைப் பணியாக மாற்றுவது இடையறாத உழைப்பு. எனினும் அவ்வுழைப்புத் தொடங்குதற்கு, அறியப்படாத இளைஞனின் கையெழுத்துப் பிரதியைப் பொறுமையுடன் படிக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். அன்று செல்லப்பா அதனைச் செய்தார். பல்கலைக்கழகங்களில் இதழ் நடத்தும் நாமும், கிண்ணியா போன்ற ஊர்களினின்றும் வரும் உறைகளை அவ்வாறே பிரித்துப் படித்தல் வேண்டும்.