கலாவூனின் வக்ஃபும் நம் முதியோரும்

முதிய பெற்றோரிடம் சலிப்பு காட்டுவதைக்கூடத் திருக்குர்ஆன் (17:23) தடுக்கிறது. அந்தப் போதனையை நம் முன்னோர் வீட்டுக்கு வெளியேயும் நடைமுறைப்படுத்தினர்.

டமாஸ்கஸில் நோயுற்ற தளபதி கலாவூன், நூருத்தீன் ஸன்கீ நிறுவிய பீமாரிஸ்தானின் மருந்தால் குணமடைந்தார். தமக்கு ஆட்சி வாய்த்தால் அத்தகைய மருத்துவமனை ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்பர். சுல்தானான பின் 1284இல் கெய்ரோவில் அதனை எழுப்பினார். செல்வர், வறியர், ஆண், பெண் எவருக்கும் அங்கே கட்டணமில்லை. காய்ச்சலுக்கும் கண்நோய்க்கும் தனித்தனிக் கூடங்கள் இருந்தன. மருத்துவர் ஊதியம் முதல் இறந்தோரின் கஃபன் வரை அனைத்துச் செலவையும் வக்ஃபுச் சொத்துகளின் வருவாய் ஏற்றது. வீட்டில் படுத்திருக்கும் ஏழை நோயாளிக்கும் மருந்து சேர வேண்டும் என அதன் வக்ஃபுப் பத்திரம் விதித்தது.

இலவசம் என்பதற்காகத் தரம் குறையவில்லை. நிலையான வருவாயும் பொறுப்பான மேற்பார்வையும் இரண்டையும் காத்தன. வக்ஃபு வருவாய் சிதைந்த இடங்களில் பீமாரிஸ்தான்களும் சிதைந்தன.

இன்று, மாவட்டத்துக்கு ஒன்றேனும் 150 வறிய முதியோர் தங்கும் இல்லம் அமைக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இல்லம் தேடி வருகிறது. ஆயினும் நாகலூர் போன்ற சேர்வராயன் மலையூரில் தனித்திருக்கும் மூதாட்டியைப் புரட்டிப் படுக்கவைக்க அன்றாடம் ஒரு கை வேண்டுமே! தனியார் இல்லக் கட்டணம் கூலிக் குடும்பத்துக்கு எட்டாது. ஜமாஅத்தின் ஒரு கடை வாடகையையேனும் பயிற்சி பெற்ற ஒரு பராமரிப்பாளரின் ஊதியத்துக்கென வக்ஃபு செய்வோம். அதன் கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வைப்போம்.

அல்லாஹ் நமக்கு அத்தகைய நற்பேற்றை அருள்வானாக!