46 வருஷம் அதே 500 ரூபாய்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர், "விவாகரத்துச் சட்டம் வந்துதான் குடும்பம் கெட்டுச்சு"ன்னு முழங்கிவிட்டுப் போனார். நான் கேட்கிறேன், விடுதலைப் பத்திரம் வந்ததே, கூடவே சோறு வந்ததா?

1949-இல் நம் சென்னை மாகாணம் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழி செய்தது. 1955-இல் மத்திய அரசின் இந்து திருமணச் சட்டம் வந்தது. சரி, பிரிஞ்சாச்சு. பிள்ளைக்குப் பால் யார் வாங்குவது?

சிவில் வழக்கில் ஜீவனாம்சத்துக்கு உச்சவரம்பு இல்லை. ஆனால் ஏழைப் பெண் படியேறுவது மாஜிஸ்திரேட் கோர்ட். அங்கே மாதத்துக்கு அதிகபட்சம் 1898-இல் 50 ரூபாய், 1923-இல் 100, 1955-இல் 500. அப்புறம்? அப்படியே உட்கார்ந்துவிட்டது! சில மாநிலங்கள் தாங்களாக உயர்த்தின. மற்ற இடங்களில் 2001-இல் வரம்பை நீக்கும்வரை 46 வருஷம் அதே 500!

அரிசி விலை ஏறிச்சு. புருஷனுக்குப் பஞ்சப்படி ஏறிச்சு. பிள்ளையின் பால்காசு மட்டும் ஏறலையே ஐயா!

ஆகவே, அந்தப் பிள்ளையைத் தவிக்க விட்டது விவாகரத்து அல்ல; விலைவாசி தெரியாத சட்டம். புருஷன் பெண்டாட்டி பிரியலாம். அப்பன் பிள்ளை உறவை எந்தக் கோர்ட்டும் ரத்து செய்வதில்லை.