கூட்டரசுத் திட்டம் எண் 1

கூட்டரசுத் திட்டம் எண் 1 என்பது, பெருமந்தக் காலத்தில் வேலையிழந்த ஓவியர், இசைக்கலைஞர், நடிகர், எழுத்தாளர் ஆகியோருக்கு அரசுச் சம்பளத்தில் வேலை தருவதற்காக அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுவணரசு 1935இல் தொடங்கிய ஐந்து பிரிவுகளின் தொகுப்பாகும். ‘ஃபெடரல் ஒன்’ என்று சுருக்கமாக வழங்கப்பட்டது. குடியரசுத் தலைவர் பிராங்கிளின் ரூசவெல்ட்டின் ‘புதிய ஏற்பாடு’ என்னும் மீட்பு நடவடிக்கைகளில் இதுவும் ஒன்று. உச்சத்தில் ஏறத்தாழ 40,000 பேர் இதில் பணிபுரிந்தனர்.

பின்னணி

1929இன் பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பின், 1933 வாக்கில் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. கலைஞர்களுக்கு அடி இரு பக்கமிருந்தும் விழுந்தது. ஓவியம் வாங்குவோர் குறைந்தனர். நாடகக் குழுக்கள் கலைந்தன. ஊமைப்படங்களுக்குப் பின்னணி வாசித்துப் பிழைத்த இசைக்கலைஞர்கள், பேசும்படம் வந்ததால் மந்தத்துக்குச் சற்று முன்பே வேலையிழக்கத் தொடங்கியிருந்தனர்.

1933 மே மாதம் ஓவியர் ஜார்ஜ் பிடில் ரூசவெல்ட்டுக்குக் கடிதம் எழுதினார். மெக்சிகோ அரசு ஓவியர்களுக்குக் கூலி கொடுத்துப் பொதுக் கட்டடங்களில் சுவரோவியம் தீட்டச் செய்ததை அதில் அவர் முன்மாதிரியாகக் காட்டினார். அந்த ஆண்டு டிசம்பரில் கருவூலத் துறை ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. 1934 நடுப்பகுதி வரை நடந்த அத்திட்டத்தில் சுமார் 3,700 கலைஞர்கள் 15,000க்கும் மேற்பட்ட படைப்புகளை உருவாக்கினர்.

அமைப்பும் சம்பளமும்

1935 மே மாதம் அமைக்கப்பட்ட பணி முன்னேற்ற நிர்வாகம், சாலை, பாலம், பள்ளிக் கட்டடம் போன்ற வேலைகளில் இலட்சக்கணக்கானோரை அமர்த்தியது. அதன் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ், கலைஞனுக்கும் மற்றவரைப் போலவே வயிறு உண்டு என்ற நிலைப்பாட்டில் நின்றார். கூட்டரசுத் திட்டம் எண் 1 இந்த நிர்வாகத்தின் கீழ் அமைந்தது. அதற்கான தொடக்க ஒதுக்கீடு 2.7 கோடி டாலர். பிரிவுகளும் அவற்றின் முதல் இயக்குநர்களும்:

- ஓவியம், சிற்பம்: ஹோல்கர் காஹில்
- இசை: நிக்கோலாய் சொகலோஃப்
- நாடகம்: ஹாலி ஃபிளானகன்
- எழுத்து: ஹென்றி ஆல்ஸ்பர்க்
- வரலாற்று ஆவணக் கணக்கெடுப்பு: லூதர் எவான்ஸ் (எழுத்துப் பிரிவின் கிளையாக இருந்து 1936இல் தனிப்பிரிவானது)

வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நிவாரணப் பட்டியலில் இருந்தவர்கள். அதாவது, திறமையோடு வறுமையையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. நியூயார்க் நகரில் ஓவியர் ஒருவருக்கு வாரத்துக்கு 23 முதல் 24 டாலர் வரை கிடைத்தது. சாலைப் பணிகளைப் போல இதில் இயந்திரத்துக்கும் மூலப்பொருளுக்கும் பெருந்தொகை தேவைப்படவில்லை. நாடகப் பிரிவின் செலவில் பத்தில் ஒன்பது பங்கு சம்பளமாகவே போனது. அந்தப் பணம் வாடகையாகவும் மளிகைக் கடைச் செலவாகவும் உடனே உள்ளூரில் புழங்கியது.

பணிகள்

ஓவியப் பிரிவு பள்ளி, மருத்துவமனைச் சுவர்களுக்கு ஓவியம் தீட்டியதோடு, நூற்றுக்கும் மேற்பட்ட சமூகக் கலை மையங்களைப் பல ஊர்களில் நிறுவியது. 1937இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் திறக்கப்பட்ட மையத்துக்குச் சிற்பி அகஸ்டா சாவேஜ் முதல் இயக்குநர். உள்ளூர்க்காரர்களும் நிதி திரட்டி உருவாக்கிய சிகாகோ தென்பகுதி மையம் இன்றும் இயங்குகிறது. ஜாக்சன் பொல்லாக், லீ கிராஸ்னர், ஜேக்கப் லாரன்ஸ் ஆகியோர் இப்பிரிவில் சம்பளம் பெற்றவர்கள். அஞ்சல் நிலையச் சுவரோவியங்கள் பலவும் இதன் ஆக்கமாகக் கருதப்படுவதுண்டு. அவை உண்மையில் கருவூலத் துறையின் மற்றொரு பிரிவு போட்டி நடத்தி வரைவித்தவை.

நாடகப் பிரிவு, அன்றாடச் சிக்கல்களை மேடையேற்றும் ‘உயிருள்ள செய்தித்தாள்’ என்னும் வடிவத்தை வளர்த்தது. கறுப்பின நடிகர்களைக் கொண்டு ஆர்சன் வெல்ஸ் இயக்கிய ‘மேக்பெத்’ 1936இல் ஹார்லெமில் அரங்கேறியது.

எழுத்துப் பிரிவு மாநிலந்தோறும் வழிகாட்டி நூல்களை வெளியிட்டது. ரிச்சர்ட் ரைட், சோரா நீல் ஹர்ஸ்டன், ரால்ஃப் எல்லிசன் ஆகியோர் இதில் பணியாற்றினர். முன்னாள் அடிமைகள் 2,300க்கும் மேற்பட்டோரின் வாய்மொழி வரலாறுகளும் இப்பிரிவால் பதிவாயின.

எதிர்ப்பும் முடிவும்

சம்பளம் தரும் அரசே தணிக்கையாளராகவும் மாறியது. எத்தியோப்பியா மீதான இத்தாலியின் படையெடுப்பைப் பற்றிய முதல் ‘உயிருள்ள செய்தித்தாள்’ 1936இல் தடுக்கப்பட்டது. அதைக் கண்டித்து நியூயார்க் பிரிவின் தலைவர் எல்மர் ரைஸ் பதவி விலகினார்.

1938இல் மார்ட்டின் டைஸ் தலைமையிலான காங்கிரஸ் குழு, நாடக, எழுத்துப் பிரிவுகளில் பொதுவுடைமையர் ஊடுருவியிருப்பதாகக் குற்றஞ்சாட்டியது. அவ்விசாரணையில் உறுப்பினர் ஒருவர், 16ஆம் நூற்றாண்டு நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோவும் பொதுவுடைமையரா என்று ஃபிளானகனிடம் கேட்டார். 1939 ஜூன் 30 அன்று நாடகப் பிரிவு சட்டத்தால் கலைக்கப்பட்டது. மற்றவை செலவில் கால் பங்கை உள்ளூரில் திரட்டும் கட்டாயத்தோடு மாநிலங்களுக்கு மாற்றப்பட்டு, 1943க்குள் முடிவுற்றன. எஞ்சிய ஓவியங்களில் ஒரு தொகுதி நியூயார்க்கில் எடைக்கு விற்கப்பட்டது.

மதிப்பீடு

நாட்டின் வேலையின்மையைத் தீர்த்தது போர்க்காலச் செலவுதான். அந்தப் பெருமை இத்திட்டத்துக்கு உரியதன்று. மந்தக் காலத்தில் தொழிலை விட்டே போயிருக்கக்கூடிய ஒரு தலைமுறையின் திறனைக் காத்ததும், கலைக்கூடம் எட்டாத ஊர்களுக்குக் கலைப் பயிற்சியைக் கொண்டுசென்றதும் இதன் பயன்கள். நிவாரணம் என்ற பெயரில் வந்ததால்தான் காங்கிரசில் பணம் கிடைத்தது. வேலைவாய்ப்பு மீளத் தொடங்கியதும் திட்டத்தைத் தொடர வேறு நியாயம் இல்லாமல் போனதற்கும் அதுவே காரணம்.

1973ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புப் பயிற்சிச் சட்டத்தின் நிதியால் அமெரிக்க நகரங்கள் கலைஞர்களை மீண்டும் பணியமர்த்தின. கொரோனாத் தொற்றுக் காலத்தில் அமெரிக்க தேசியக் கலை அறக்கட்டளைக்கு 2020இல் 7.5 கோடி டாலரும் 2021இல் 13.5 கோடி டாலரும் கூடுதலாக ஒதுக்கப்பட்டன. அந்த உதவி முதன்மையாக அமைப்புகள் வழியே சென்றது. தனிக்கலைஞருக்கே பணம் தரும் முறையை அயர்லாந்து 2022இல் மேற்கொண்டது. அங்கு 2,000 பேருக்கு வாரம் 325 யூரோ வழங்கப்பட்டது. அவர்கள் வறுமையை மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. தகுதியுள்ள விண்ணப்பதாரர்களிடையே குலுக்கல் முறையில் தேர்வாயினர்.