படத்தின் பின்புறம்

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் ஒரு புகைப்படப் பிரதியைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தான். நேயர்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். 1983 ஜூலையில் பொரளை பஸ் தரிப்பிடத்தில் ஆடை களையப்பட்ட தமிழ் இளைஞன் ஒருவன் ஒடுங்கி அமர்ந்திருக்க, அவனைச் சூழ்ந்து நின்று சிலர் கூத்தாடும் படம். எடுத்தவர் ‘அத்த’ என்ற சிங்களப் பத்திரிகையின் புகைப்படக் கலைஞர் சந்திரகுப்த அமரசிங்க. அந்தக் கும்பலுக்குள் நின்று கமராவை உயர்த்துவதற்குத் தனித் துணிவு வேண்டும். அவர் இல்லையேல் அந்த இரவுக்குச் சாட்சி இல்லை.

மாணவன் கேட்டது வேறு. “சேர், இவர் யார்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் படத்தின் கீழ் வழமையாக அச்சிடப்படுவது ‘தமிழ் இளைஞன்’ என்ற இரண்டு சொற்களே. இவனும் ஒருநாள் தலைக்கு எண்ணெய் பூசி, வகிடெடுத்து, ஏதோவொரு ஸ்டூடியோவில் ஸ்டூலில் அமர்ந்து படம் பிடித்திருப்பான் அல்லவா? அந்தப் படம் எங்கே?

இந்தக் கேள்வியையே தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்ட ஒருவர் இருந்தார். யஃபா எலியாக் என்ற யூத வரலாற்றுப் பேராசிரியை. இன்று லித்துவேனியாவில் உள்ள எய்ஷிஷோக் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டனும் பாட்டியும் அங்கே புகைப்பட நிலையம் நடத்தியவர்கள். 1941 செப்டெம்பர் இறுதியில் நாஸிக் கொலைப்படையும் உள்ளூர்த் துணைவர்களும் அவ்வூர் யூதர்களைக் குழிகளின் ஓரத்தில் நிறுத்திச் சுட்டனர். கொலைகாரர் கணக்கெழுதுவதில் மகா கெட்டிக்காரர். அவர்களுடைய அறிக்கை 989 ஆண்கள், 1636 பெண்கள், 821 சிறுவர் எனப் பிரித்துப் பதிகிறது. பெயர் ஒன்றுகூட இல்லை.

சிறுமியாக இருந்த யஃபா உயிர் தப்பினார். 1979 இல், அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் அமைத்த ஆணைக்குழுவோடு கிழக்கு ஐரோப்பாவின் கொலைக்களங்களைப் பார்க்கச் சென்றபோது அவர் ஒரு முடிவுக்கு வந்தார். பிணக்குவியல்களின் படங்கள் போதிய அளவு உள்ளன; தன் ஊரவர் வாழ்ந்த படங்களைத் தேட வேண்டும்.

ஊரே அழிந்தபின் படங்கள் எப்படிக் கிடைக்கும்? இங்கேதான் தபாற்காரர் வருகிறார். எய்ஷிஷோக் மக்கள் தங்கள் புத்தாண்டுக்கு வாழ்த்தட்டையாகக் குடும்பப் படத்தை அனுப்பும் பழக்கம் உடையவர்கள். அமெரிக்காவுக்கும் பலஸ்தீனத்துக்கும் போய்ச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அவை போயின. ஊரில் இருந்த பிரதி அழிந்தது, கடல் கடந்த பிரதி பிழைத்தது. யஃபா நாடு நாடாக அலைந்து, வீடு வீடாகக் கேட்டு, ஏறத்தாழ 6000 படங்களைத் திரட்டினார். 1993 இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட இனப்படுகொலை நினைவு நூதனசாலையில், அவற்றுள் சுமார் ஆயிரம் படங்கள் மூன்று மாடி உயரக் கோபுரமொன்றின் உட்சுவர்களை நிறைத்துள்ளன. மணமக்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கிழவிகள். பார்வையாளர் அக்கோபுரத்தினூடே இரண்டு தடவை நடக்க நேர்கிறது. முதலில் அழகான முகங்கள். கீழ்மாடியில் மீண்டும் வரும்போது, அவர்களுக்கு என்ன நடந்தது என்பது தெரிந்துவிட்டிருக்கும். 2016 இல் காலமாகும்வரை அவர் அறியப்பட்டது இந்த முகங்களாலேயே.

தபாற்காரரின் அருமை எங்கள் வீட்டுக்கும் தெரியும். 1983 இல் எனக்கு மூன்று வயது. வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு அல்பத்தோடு எரிந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதியாக இருந்து, பின்னர் கப்பலில் காங்கேசன்துறை போய் இறங்கியபோது, பெரியம்மா றங்குப் பெட்டியைத் திறந்து ஒரு படத்தை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாராம். அம்மாவின் கலியாணப் படம். பின்புறத்தில் ஸ்டூடியோவின் முத்திரையும், “அக்காவுக்கு அன்புடன்” என்று அம்மாவே நீல மையில் எழுதியதும். அதே படம் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் பெரியம்மாவோடு மழையில் தென்மராட்சிக்கு நடந்தது. ஒரு மூலையில் ஈரக்கறை. அம்மா அதை மாற்றி எடுப்பிக்க இன்றுவரை சம்மதிக்கவில்லை.

2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் நம் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி வருவதை இலக்கிய அன்பர்கள் அறிவர். புகைப்படங்களும் அதன் பல்லூடக ஆவணகத்தில் உள்ளன. ஆனால் வீட்டு அலுமாரிக்குள் கிடப்பதை நிறுவனம் வந்து திறக்க முடியாது. மாணவர்களிடம் சொன்னேன்: படத்தின் முன்புறம் போலவே பின்புறத்தையும் பிரதியெடுங்கள், அம்மம்மாவிடம் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பெயரில்லாப் படம் பாதிப் படம் என்றும் பெரிதாகப் போதித்தேன்.

அந்தப் போதனை ஹெவ்லொக் டவுனில், நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழ்த்தளத்திலேயே இடறியது. அங்கிருக்கும் மூதாட்டி ஒருவரின் தம்பி 1983 ஜூலையில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. அவருடைய படம் சாமியறையில் இருக்கிறது. மாலை போடவில்லை. பெல்பொட்டம் காற்சட்டை, அகன்ற கொலர், அருகே அட்டையில் செய்த ரோமானியத் தூண். சிரிப்பை அடக்கிய முகம்.

“படத்தைக் கொண்டுபோங்கோ தம்பி, பேரை மட்டும் எழுதாதையுங்கோ” என்றார்.

“ஏன் அன்ரி?”

“செத்த ஆக்களின்ர படங்களோட பேர் போட்டா, அவன் இல்லையெண்டு நானே சொன்ன மாதிரிப் போயிடும்.”

வகுப்பில் சொன்ன எதையும் என்னால் அவரிடம் சொல்ல முடியவில்லை. பொழுதுபட விளக்கேற்றுமுன் படம் திரும்பிவர வேண்டும் என்பது அவருடைய இரண்டாவது நிபந்தனை. பிரதியெடுத்து ஐந்தரைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றும்போதுதான் பார்த்தேன், பின்புறத்தில் அவரே தன் கையெழுத்தில் பெயரையும் பிறந்த திகதியையும் எழுதியிருந்தார். தம்பியின் கையெழுத்து அழகானது.

பின்புறத்தைப் பிரதியெடுக்கவில்லை. மாணவர்கள் கொண்டுவந்த படங்களின் உறைகளில் எல்லாம் பெயர்கள் இருக்கின்றன. என் உறையில் மட்டும் இலக்கம் 17.