மலைப்பாதையில் ஒளிராத சிவப்பு விளக்கு: பிரேக் விளக்கு குறித்து சட்டம் கூறுவது என்ன?

திருப்பதி: திருமலையிலிருந்து அலிபிரி நோக்கி இறங்கும் வாகனம் ஒன்று, பின்புற சிவப்பு விளக்கு ஒளிராமலேயே வேகத்தைக் கணிசமாகக் குறைக்க இயலும். அவ்விளக்கில் எந்தப் பழுதும் இருக்க வேண்டியதில்லை. சட்ட மீறலும் ஆகாது. பின்தொடரும் ஓட்டுநர் சமவெளிச் சாலைக்குப் பழகியவராக இருப்பின், ஆபத்து அங்கிருந்தே தொடங்குகிறது.

பிரேக் விளக்கு குறித்த விதி, 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 102-ஆவது விதியாக இடம்பெற்றுள்ளது. வாகனத்தை நிறுத்தும் நோக்கத்தை, பின்புறம் பொருத்தப்பட்ட சிவப்பு நிற மின்விளக்கு உணர்த்த வேண்டும் என்றும், வழக்கமான பிரேக்கை இயக்கும்போது அது ஒளிர வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. மத்திய விதி என்பதால் சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்கும், எல்லை கடந்து வரும் தமிழகப் பதிவெண் வாகனங்களுக்கும் இதுவே பொருந்தும்.

விளக்கு ஒளிர்வது பிரேக்கை இயக்குவதால்தானே அன்றி, வேகம் குறைவதால் அல்ல என்பது இங்கு கவனிக்கத்தக்கது. மலைச்சரிவில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆகவே முதல் அல்லது இரண்டாம் கியரில், எஞ்சினின் இழுவிசையைக் கொண்டே இறங்குமாறு ஓட்டுநர்கள் அறிவுறுத்தப்படுகின்றனர். சரியான அந்த முறையைப் பின்பற்றுபவரின் வாகனத்தில்தான் சிவப்பு விளக்கு ஒளிர்வதில்லை. 1944-இல் திறக்கப்பட்ட முதலாவது மலைப்பாதை தற்போது இறங்குவதற்கும், 1974-இல் அமைந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கும் ஒருவழியாகப் பயன்படுவதால், நேருக்கு நேர் மோதும் அச்சம் குறைவு. எஞ்சுவது பின்னாலிருந்து மோதும் அபாயமே. சித்தூர்–பலமநேர் இடையிலான மொகிலி மலைச்சரிவில் கனரக லாரிகளுக்குப் பின்னே செல்வோருக்கும் இதே நிலைதான்.

மின்சாரப் பேருந்துகளின் வருகை இக்கேள்வியை மேலும் கூர்மையாக்கியுள்ளது. 2022 முதல் திருப்பதி–திருமலை தடத்தில் இயங்கும் இவ்வகை வாகனங்களில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை மீட்கும் தொழில்நுட்பம் உண்டு. கார்களுக்கான ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் ஒழுங்குமுறை இதற்கு அளவுகோல் வகுத்துள்ளது. அதன்படி, இத்தகைய வேகக் குறைப்பு வினாடிக்கு வினாடி 1.3 மீட்டரைத் தாண்டினால் பிரேக் விளக்கு ஒளிர்ந்தாக வேண்டும், 0.7 மீட்டர் வரை ஒளிரக் கூடாது. பிரேக்கை மட்டுமே குறிப்பிடும் 102-ஆவது விதியின் வாசகத்தைக் காட்டிலும் இது தெளிவானது.

பழுதான விளக்கைப் பொறுத்தவரை சட்டம் ஓட்டுநரை மட்டும் பொறுப்பாக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு, ஆபத்து விளைவிக்கும் குறைபாட்டை அறிந்தோ, சாதாரண கவனத்தில் கண்டறிந்திருக்கக் கூடிய நிலையிலோ வாகனத்தை ஓட்டுபவரையும், ஓட்ட அனுமதிப்பவரையும் தண்டனைக்கு உள்ளாக்குகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் ரூ.1,500. அக்குறைபாட்டால் விபத்து நேர்ந்து காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால், மூன்று மாதங்கள் வரை சிறை அல்லது ரூ.5,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தன் பிரேக் விளக்கை ஓட்டுநர் இருக்கையிலிருந்து காண இயலாது என்பதால், 'சாதாரண கவனம்' என்ற சொற்றொடருக்கு இங்கு எடை அதிகம். புறப்படும் முன் ஒருவரைப் பின்னால் நிற்கச் செய்து பிரேக்கை மிதித்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலையே.

வாடகை, சரக்கு வாகனங்களுக்குத் தகுதிச் சான்றிதழ் ஆய்வு உண்டு. எட்டு ஆண்டுகள் வரையிலான வாகனங்களுக்கு இரு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பின்னர் ஆண்டுதோறும் சான்றிதழ் புதுப்பிக்கப்பட வேண்டும். சொந்தக் கார்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் பதிவின் 15 ஆண்டுக் காலம் முடியும் வரை அத்தகைய கட்டாய ஆய்வு இல்லை.

அமெரிக்காவில் 1986 மாடல் கார்கள் முதல், பின்புறக் கண்ணாடியின் உயரத்தில் மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயமாக்கப்பட்டது. பின்புற மோதல்கள் இதனால் நீண்டகால அளவில் சுமார் 4.3 சதவீதம் குறைந்ததாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 1998-இல் மதிப்பிட்டது. இந்தியச் சாலை விபத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று பின்னாலிருந்து மோதும் வகையைச் சேர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.