முதுகுன்றத்தில் குன்றைத் தேடி

மலைக்கோயில் காணச் செல்வோருக்கு முதலில் காட்சி தருவது மலை, கோயில் பிறகுதான். திருச்சிராப்பள்ளிக்குத் தொடர்வண்டியில் செல்பவர் ஊர் வருமுன்பே தாயுமானவர் குன்றைக் கண்டுவிடுகிறார். திருக்கழுக்குன்றத்திலும் திருப்பரங்குன்றத்திலும் பெயரில் உள்ள குன்றம் கண்ணெதிரே நிற்கிறது. சீனத்து ஹெங்ஷான் மலையின் செங்குத்துப் பாறையில் மரத்தூண்களின்மேல் தொற்றிக்கொண்டிருக்கும் 'தொங்கும் கோயில்' ஏறத்தாழ 1,500 ஆண்டுகளாக வழிப்போக்கரை அண்ணாந்து பார்க்கவைக்கிறது. மலையும் கோயிலும் கதையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பது உலக வழக்கு.

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் இவ்வழக்கினின்றும் விலகி நிற்கிறது. தேவார மூவரும் பாடிய இவ்வூரின் பழம்பெயர் திருமுதுகுன்றம். இறைவன் பழமலைநாதர். ஊர்ப்பெயரிலும் இறைவன் பெயரிலும் மலை இருக்கிறது, ஊரில் இல்லை. சந்திப்பு நிலையத்தில் இறங்கி எத்திசையில் நோக்கினும் சமவெளியே. மணிமுத்தாற்றின் கரையில் உயர்ந்து நிற்பவை கோபுரங்கள் மட்டுமே. கோயில் வாயிலில் பூ விற்றுக்கொண்டிருந்த மூதாட்டியிடம், "இங்கே மலை எங்கேம்மா இருக்கிறது?" என்று கேட்டோம். அவர் சரம் தொடுப்பதை நிறுத்தாமலே, "நீங்க நிக்கிறதே அதும்மேலதான் சார்" என்றார்.

அவர் சொன்னது தலபுராணத்தின் சாரம். படைப்புத் தொழிலைத் தொடங்கிய நான்முகன் மலைகளைப் படைத்தான். அவை நிற்க இடமின்றித் தவித்தன. அவனுக்கு முன்பே சிவபெருமான் தாமே ஒரு மலையாகி நின்றதுதான் காரணம். பிழையுணர்ந்து நான்முகன் வணங்கிய பின்னரே மற்ற மலைகளுக்கு இடம் கிடைத்தது. எல்லா மலைகளுக்கும் மூத்தது ஆதலால் இது முதுகுன்றம். அம்மலை இன்று நிலத்தினுள் அழுந்தி, கோயிலைத் தாங்கி நிற்கிறது என்பது ஊராரின் நம்பிக்கை.

இந்நம்பிக்கைக்குக் கோயிலே ஒரு குறிப்பும் தருகிறது. பிற குன்றத் தலங்களில் பிள்ளையாரைக் காணப் படியேற வேண்டும். உச்சிப் பிள்ளையார் அதற்குச் சான்று. இங்கே படியிறங்க வேண்டும். தரைமட்டத்திற்குக் கீழே அமர்ந்திருக்கும் இவருக்கு ஆழத்துப் பிள்ளையார் என்று பெயர். வெயிலிலிருந்து அந்தப் படிகளில் இறங்கி, குளிர்ந்த இருளில் விளக்கொளி தெரியும்வரை நிற்கும்போது, மலையேற்றத்தைத் தலைகீழாகச் செய்தாற்போன்ற உணர்வு எழுகிறது.

புராணத்தை நம்புவதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். தமிழ் கற்பிக்கும் நமக்கு இவ்வூரில் வேறொரு மலை தென்படுகிறது. அது சொல்லாலானது.

முதுகுன்றம் என்பதில் உள்ள 'முது' வயது முதிர்ந்து தளர்ந்ததைச் சொல்லவில்லை. முதுகுடி, மூதூர், முதுமொழி என்னும் சொற்களில் அது முன்மையையும் மதிப்பையும் குறிக்கிறது. 'விருத்த', 'அசலம்' என்ற வடசொற்களால் ஊர்ப்பெயர் பெயர்க்கப்பட்டபோது பொருளின் ஒரு பகுதி வந்து சேர்ந்தது. ஆனால் 'விருத்தர்' என்றால் கிழவர் என்றே பழகிய காதுகளில் முன்மை மங்கி மூப்பு மேலோங்கியது. பெரியநாயகி என்னும் அம்மையின் பெயரும் விருத்தாம்பிகை ஆயிற்று. பெரியவள், முதியவள் ஆனாள்.

அம்மை இதை ஏற்கவில்லை என்பதற்கு ஒரு கதை உண்டு. 16ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையிலிருந்து தில்லை நோக்கிச் சென்ற குருநமசிவாயர் இத்தலத்தில் தங்கினார். பசி மிகவே அம்மையிடம் சோறு கேட்டு ஒரு வெண்பா பாடினார். அதில் அவளைக் 'கிழத்தி' என்று திரும்பத் திரும்ப விளித்தார். அம்மை முதிய உருவில் தோன்றி, "கிழவியால் எப்படியப்பா சோறு கொண்டுவர முடியும்?" என்று கேட்டாளாம். புலவர் இளமை தோன்ற மற்றொரு வெண்பா பாட, இளநங்கையாக வந்து அமுதளித்தாளாம். பெரியநாயகியோடு பாலாம்பிகை என்னும் இளைய நாயகிக்கும் இங்கே சந்நிதி இருப்பதற்குக் காரணம் இக்கதையே என்பர்.

இக்கதையின் உயிர் ஒரு சொல்லில் இருக்கிறது. தொல்காப்பியம் அகத்திணைத் தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என்றே சுட்டுகிறது. கிழமை என்றால் உரிமை, கிழத்தி உரிமையுடையவள். காலப்போக்கில் கிழவன், கிழவி என்பவை வயதேறியவரை மட்டும் குறிக்கத் தொடங்கின. புலவர் உரிமைக்காரியைப் பாடினார். அம்மை முதியவளைக் கேட்டாள். ஒரு சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் நேருக்கு நேர் சந்தித்த இடமாகவே இக்கதையை நாம் வாசிக்கிறோம். பின்னாளில் இதே ஊர்ப்பெயரைச் சூடிப் பிறந்த சொ. விருத்தாசலம் (1906–1948), புதுமைப்பித்தன் என்று பெயர் மாற்றிக்கொண்டதையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

'அசலம்' என்பதற்கு அசையாதது என்று பொருள். மலைக்கு அது பொருத்தமான பெயரே. ஆனால் இவ்வூரில் கல்லும் மண்ணும் அசைந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன.

முதலில் கல்லைப் பார்ப்போம். கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரின் தாயுமான செம்பியன் மாதேவியார், 10ஆம் நூற்றாண்டில் இக்கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தார். வெட்டுவதற்கு மலையில்லாத சமவெளியில் கற்றளி எழுந்ததென்றால், கல் வேறிடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மலையின்மேல், எங்கோ இருந்த மலை துண்டுதுண்டாக வந்து அமர்ந்தது.

அவ்வாறு அமர்ந்தவற்றுள் ஒன்று மீண்டும் பெயர்ந்தது. இக்கோயிலுக்குரிய அர்த்தநாரீசுவரர் கற்சிலை திருடப்பட்டுக் கடல் கடந்தது. 2004இல் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்சு கலைக்கூடம் அதை விலைக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த 1974ஆம் ஆண்டு நிழற்படத்தோடு ஒப்பிட்ட பின்னரே அது இவ்வூர்ச் சிலை என்பது உறுதியாயிற்று. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அதை இந்தியாவிடம் ஒப்படைத்தார். நாம் மலை கண்ணுக்குத் தெரியவில்லையே என்று குறைபட்டுக்கொண்டு சென்றவர்கள். கண்ணுக்குத் தெரிந்த ஒன்று காணாமற்போனதை ஒரு பழைய படம்தான் சொல்ல வேண்டியிருந்தது என்பதை அங்கு நின்று எண்ணியபோது நாணம் உண்டாயிற்று.

இனி மண். சுந்தரர் இத்தலத்து இறைவனிடம் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்கிறது பெரியபுராணம். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுவது இன்று நம் பேச்சில் பேதைமைக்கு உவமை. ஆயினும் ஆறு உண்மையிலேயே ஒன்றை ஓரிடத்தில் வாங்கி வேறிடத்தில் தருகிறது. மணிமுத்தாறு பிறப்பது மேற்கே கல்வராயன் மலையில். மழையும் வெயிலும் கரைத்த மலையைச் சுமந்துகொண்டு அது கிழக்கே வருகிறது. இவ்வட்டாரத்து நிலத்தடியில் உள்ள மணற்கல்லும் களிமண்ணும் இப்படிப் பழங்காலத்து ஆறுகள் மேற்கத்திய தொல்பாறைகளிலிருந்து கொண்டுவந்து சேர்த்த படிவுகளே. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தை அகழ்ந்தபோது வெண்களிமண்ணும் வெளிப்பட்டது. பீங்கான் தொழில் இவ்வூரில் வேரூன்ற அம்மண் துணைசெய்தது. இன்று தமிழ்நாட்டில் விருத்தாசலம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பீங்கான்தான். அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இங்கே உண்டு.

பீங்கானுக்குரிய வெண்களிமண் பிறக்கும் முறையை அறிந்தால் பூக்காரப் பாட்டியின் சொல் வேறு ஒலியோடு கேட்கும். கருங்கல்லில் பெல்சுபார் என்றொரு கனிமம் உண்டு. நீரும் காற்றும் பல்லாயிரம் ஆண்டுகள் அதைத் தாக்க, அதிலுள்ள உப்புச்சத்துகள் கரைந்தோட, எஞ்சுவது கயோலின் என்னும் வெண்களிமண். அதாவது முதுமையடைந்த மலை. 'கயோலின்' என்ற பெயரும் ஒரு மலையின் பெயர்தான். சீனத்தின் சியாங்சி மாநிலத்தில், பீங்கானுக்குப் பேர்பெற்ற சிங்தேசென் நகருக்கு அருகே 'காவ்லிங்' என்றோர் இடம் உண்டு. பெயருக்கு உயர்ந்த மலைமுகடு என்று பொருள். அங்கிருந்த பிரெஞ்சு ஏசுசபைத் துறவி தாந்த்ரகோல் 1712இல் எழுதிய கடிதத்தின் வழியாக அப்பெயர் ஐரோப்பாவை அடைந்து, பின்னர் உலகெங்கும் அம்மண்ணுக்கே பெயராயிற்று. உயர்குன்றத்தின் பெயர்கொண்ட மண்ணை முதுகுன்றத்தார் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இரு ஊர்க் கதைகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. சிங்தேசெனில் தோங் பின் என்ற சூளைத் தொழிலாளியைத் தெய்வமாக வணங்குவர். 1599இல் அரசவை அதிகாரி கேட்ட பெருஞ்சாடிகள் சூளையில் தேறவில்லை, தொழிலாளர் வதைபட்டனர், அதைப் பொறாமல் தோங் பின் எரியும் சூளையில் பாய்ந்தார் என்கிறது அவ்வூர் மரபு. முதுகுன்றத்துக் கதை இதற்கு மறுமுகம். விபசித்து முனிவர் கோயில் திருப்பணி செய்வித்தபோது, வேலையாட்களுக்குக் கூலியாக வன்னி மரத்து இலைகளையே அளித்தாராம். அவரவர் உழைப்புக்கு ஏற்ப அவை பொன்னாயின. அந்த வன்னி மரம் தலமரமாகப் போற்றப்படுகிறது. உழைப்பின் மதிப்பை ஓரூர் நெருப்பாலும் மற்றோரூர் இலையாலும் சொல்லிவைத்திருக்கிறது.

திரும்பும் வழியில் சிறியதொரு பட்டறைக்குள் சென்றோம். அகல்விளக்குகளும் பொம்மைகளும் மின்சாரப் பெட்டிகளில் பொருத்தும் பியூஸ் கேரியர்களும் பலகைகளில் காய்ந்துகொண்டிருந்தன. அங்கிருந்த பெண் தொழிலாளி ஒருவர், சுடாத கேரியர் ஒன்றையும் சுட்டது ஒன்றையும் நம் உள்ளங்கையில் அருகருகே வைத்தார். ஒரே அச்சில் வார்த்தவை. ஆயினும் சுட்டது சிறுத்திருந்தது. 1,200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் நீரெல்லாம் நீங்கி மண் இறுகிவிடுகிறது. விரலால் சுண்டினால் கல்லின் ஓசை. பாறை மண்ணாகப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. அதைத் திரும்பக் கல்லாக்க அவர்களுக்குச் சில நாட்கள் போதுமாயிருந்தன.

ஊருக்குப் பழந்தமிழ்ப் பெயரையே திரும்பச் சூட்ட வேண்டும் என்போர் உண்டு. நமக்கும் அது உவப்பே. ஆனால் பெயர்ப்பலகை மாறினாலும், முதுகுன்றம் எங்கே என்று கேட்கும் மாணவருக்கு எதைச் சுட்டிக்காட்டுவது? கோபுரத்தைக் காட்டலாம், ஆழத்துப் பிள்ளையாரின் படிகளைக் காட்டலாம். நாம் அந்தக் கேரியரைக் காட்டலாம் என்று எண்ணி, விலை கொடுத்து வாங்கி வந்தோம். நம் மேசைமேல் இப்போது அது இருக்கிறது. அதன் விலையில் அப்பெண்ணுக்கு எத்தனை இலை கிடைத்திருக்கும் என்று மட்டும் கேட்காமல் வந்துவிட்டோம்.